பாத்திரக் கடைக்கு வந்த பார்சல்கள்

கல்மண்டபத்தில் எங்கள் பாத்திரக் கடை இருந்த தெருவுக்குள் பார்சல் பையன்கள் வந்து போவதென்றால் பெரும்பாடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். அதைத் தாண்டி பைக்கை உருட்டிக்கொண்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும். பாதித் தெரு விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் ஏலத்துக்குப் போய்விடும். மத்தியானம் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். தட்டினால் திட்டு விழும். கதவு எண்ணிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று. பையன்கள் வெயிலில் நின்று போன் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

இதைச் சரிசெய்வதற்காகத்தான் ஆன்லைன் கம்பெனிக்காரன் ஒருவன் எங்கள் கடைக்கு வந்தான். தெருவுக்குப் பொதுவாக ஒரு கடை, ஆர்டரில் அந்தக் கடையின் அட்ரசைப் போடலாம், பார்சலை எல்லாம் அங்கே இறக்கிவிட்டால் ஜனங்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் விளக்கினான். பார்சலுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. அது டீச் செலவுக்குக்கூடக் காணாது. அவன் காட்டிய ஆசை வேறு. "பார்சல் வாங்க வர்றவங்க வெறுங்கையோடவா சார் போவாங்க? கண்ணுல பட்டா ஒரு டம்ளராவது வாங்குவாங்க" என்றான்.

என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவர் அப்பா வந்து போட்ட கடை அது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தேன். வியாபாரம் கொஞ்ச காலமாகவே இறங்குமுகம். கடையை மூடாமல் எப்படியாவது இழுத்துப் பிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு ஆசை இல்லை. சோற்றுக்குப் பஞ்சம் வந்துவிடாது, இருக்க வீடும் இருந்தது. கடை இல்லாமல் போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

பார்சல் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எந்தப் பொருளும் தொலையவில்லை, எந்தப் பையனும் வெயிலில் நிற்கவில்லை. மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. முன்னால் அடுக்கியிருந்த குடங்களும் அண்டாக்களும் பரணுக்குப் போயின, அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் ஏறின. கொஞ்ச நாளில் வெளியிலிருந்து பார்த்தால் அது பாத்திரக் கடையா என்றே தெரியாதபடி ஆகிவிட்டது.

வந்தவர்கள் போனில் வந்த நம்பரைச் சொல்லிப் பார்சலை வாங்கிக்கொண்டார்கள். பலருக்கு வீடு வரை பொறுக்காது, கடை வாசலிலேயே பிரிப்பார்கள். உள்ளே என்ன இருக்கும்? தோசைக்கல், டிபன் கேரியர், கரண்டி, தண்ணீர் பாட்டில். நாங்கள் விற்கும் அதே சாமான். அதை என் கையாலேயே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, இந்தத் தோசைக்கல்லு நம்ம கடையில இல்லாததா?" என்று கேட்டுவிடுவேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

"சும்மா கெட பிள்ள. கடைக்கு மனுஷங்க வந்து போறதே பெருசு" என்பார் அவர்.

"வந்து போறாங்க, வாங்கிட்டாப் போறாங்க?" என்று அவர் மேல் பாய்வேன். அவர் அடுத்த பெட்டியை அடுக்கப் போய்விடுவார். நான் மனசுக்குள் அந்தத் தெருவையே வீடு வீடாகத் திட்டிக்கொண்டிருப்பேன். இவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் சாமான் கொடுத்த கடை, இன்று பெட்டி அடுக்கி வைக்கிற குடோனாகப் போய்விட்டதே என்று பொருமுவேன்.

மார்கழியில் ஒரு நாள் அவர் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் போய், தை மாசக் கடைசியில் காலி செய்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் தெருக்கோடி வீட்டுக்குப் பெரிய பெரிய பெட்டிகள் வர ஆரம்பித்தன. அந்த வீட்டுக்காரி காசிமேட்டில் மீன் விற்பவள். மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கியதுமே, "இது குடம்" என்றார். அடுத்ததைத் தூக்கி, "இது அண்டா" என்றார். சீர்ப் பாத்திரம். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் சீர்ப் பாத்திரம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். மீன்காரியின் சொந்தக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் போயிருந்தது.

எல்லாப் பெட்டியும் வந்து சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம் அவள் வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாத்திரங்களைப் பரப்பினாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, எல்லாத்துலயும் பொண்ணு பேரு வெட்டிக் குடுத்துடு" என்றாள்.

பாத்திரம் வாங்கினால் அதில் பேர் வெட்டித் தருவது கடைக்காரன் வேலை, அதற்குக் காசு வாங்குவதில்லை. வேறு இடத்தில் வாங்கியதைக் கொண்டுவந்து பேர் வெட்டிக் கொடு என்று அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாங்குன எடத்துலயே வெட்டிக்க வேண்டியதுதான?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இன்னாக்கா இப்டி கேக்குற? உங்களாண்டதான வாங்கிகீறோம்?"

"எங்ககிட்ட எங்க வாங்குன?"

"தோ, அட்டை மேல உங்க கட பேருதான போட்டுகீது. எம்பொண்ணு மொதல்ல வூட்டு அட்ரசு போடப் போச்சு. நான்தான் வாணாம்னேன். சீரு சாமான வேற எங்கனா வாங்குனா நல்லாவா கீது, நம்ப அண்ணாச்சி கடைலயே போடு, அவருக்கும் யாவாரம் ஆவணும்லன்னு சொன்னேன். போன்ல துட்டு போட்டா உங்களுக்குத்தான வருது? தெருவுல எல்லாராண்டயும் சொல்லிகினுதான் கீறேன். இன்னா வாங்குனாலும் அண்ணாச்சி கடைலயே போடுங்கன்னு."

வாசலில் பலகை எங்களுடையது, அட்டையில் பேர் எங்களுடையது, எடுத்துக் கொடுக்கும் கையும் எங்களுடையது. போனைத் தட்டுவது பிள்ளைகள்தான். எங்கே வாங்குவது என்று முடிவு செய்வது அவர்களின் அம்மாக்கள். அவர்கள் எங்களை விட்டுவிடாமல் எங்களிடமே வாங்கிக்கொண்டிருந்தார்கள். தோசைக்கல் நம் கடையில் இல்லாததா என்று நான் கேட்டபோதெல்லாம், நம் கடைத் தோசைக்கல்லைத்தானே வாங்கிப் போகிறோம், அக்கா தமாஷ் பண்ணுகிறாள் என்று சிரித்திருக்கிறார்கள்.

அவளிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "மிஷினை எடுத்துட்டு வா பிள்ள" என்றார்.

சாயங்காலம் வரைக்கும் வெட்டினார். தகடு மெல்லிசு. ஊசி அழுந்தினால் ஓட்டை விழுந்துவிடும் என்று கையைத் தூக்கித் தூக்கி வெட்டினார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையனுக்குத் திருவொற்றியூரில் மெக்கானிக் வேலை, கெட்ட பழக்கம் இல்லை, மாமியார்க்காரிதான் கொஞ்சம் பேஜாரு என்றாள். எழுந்து போகும்போது, "கட நல்லா நடக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நல்லா நடக்குது தாயி" என்றார்.

அவள் ஷேர் ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, "ஏன் சொல்ல விடல?" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"கல்யாணத்தை வச்சுக்கிட்டு, ஒம் பிள்ளைக்கு நீ வாங்குன சீரு எங்க கடை சாமான் இல்லன்னு சொல்லணுமா?" என்றார்.

அதுவரைக்கும் கோபமாவது துணைக்கு இருந்தது. அந்தத் தெருவைத் திட்டித் திட்டித்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி யாரைத் திட்டுவது? அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தை மாசக் கடைசியில், சொன்னபடி காலி செய்தோம். மிச்சமிருந்த பாத்திரங்களை ஒரு மொத்த வியாபாரி எடைக்கு எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். மீன்காரி முன்னால் நின்றாள். பக்கத்தில் ஒருத்தி போனைத் திறந்து கையில் வைத்திருந்தாள்.

"புதுக் கட எங்க அண்ணாச்சி? அட்ரசு குடு. இன்மே அங்க வர்றா மாதிரியே போட்டுர்றோம். தூரமா இருந்தா இன்னா, வந்து வாங்கிக்கினு போறோம்" என்றாள் மீன்காரி.

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். "புதுக் கடை எல்லாம் இல்லம்மா. இத்தோட சரி" என்று நான்தான் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. முகம் வாடிவிட்டது. "எங்க மேல கோவமாக்கா? நாங்க இன்னா பண்ணோம்? எல்லாத்தயும் உங்களாண்டதான வாங்குனோம்" என்றாள்.

"ஆமா தாயி, எங்ககிட்டதான் வாங்குனிய" என்றார் என் வீட்டுக்காரர்.