பாவாடை நாடாவும் சீகோங் மூச்சும்

எனக்கு மூச்சு விடத் தெரியவில்லை என்று ஒருவன் சொன்னான். சொன்னவன் நான் பெற்ற பிள்ளை. சிங்கப்பூரில் இருக்கிறான். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். ஆனாலும் இதை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

சம்பா அறுப்பு முடிந்ததிலிருந்து வரப்பில் நடந்தால் எனக்கு இரைத்தது. சீர்காழிக்குப் போய் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை, வயசுதான், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார். கூட வந்த என் நாத்தனார் அதை அப்படியே மகனுக்குப் போனில் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டில் இருக்கிறாள். அவள் வாயில் எதுவும் தங்காது. அன்றைக்கே அவன் கூப்பிட்டான்.

"இனிமே வயலுக்குப் போவாதம்மா. குறுவைக்கு முன்னாடி நெலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம்."

"யாரு வயல யாருடா விடறது?"

"வரப்புல விழுந்து கெடந்தா யாரு பாப்பா? தலைமடை வரைக்கும் உக்காராம நடந்து காட்டு. அப்பறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்புகிற இடம் அந்தத் தலைமடை. கொல்லையில் நின்று பார்த்தால் தெரியும். அதுவரை நடந்து காட்டச் சொல்லி எனக்குப் பரீட்சை வைக்கிறான். அவன் அப்பா போன பிறகு அந்த நிலத்தில் நாற்று விட்டவளும் நட்டவளும் தண்ணீர் கட்டியவளும் நான். இவனுடைய படிப்பு அந்தச் சேற்றிலிருந்து வந்தது.

நடந்து காட்டுவதற்கு வழியும் அவனே சொன்னான். சீகோங் என்று பெயர், சீனர்களுடைய மூச்சுப் பயிற்சியாம். அவன் குடியிருக்கிற அடுக்குமாடிக்குக் கீழே காலையில் ஒரு சீனப் பெரியவர் சொல்லிக்கொடுக்கிறார். முதுகு வலிக்காகப் போன இவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். மறுநாள் காலை வீடியோவில் வந்து நின்றான், தொளதொளவென்று ஒரு கால்சட்டையோடு. நான் போனைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுக் கூடத்தில் நின்றேன்.

"காலைத் தோள் அகலத்துக்கு வையி. முழங்கால லேசாத் தளத்து. நாக்க மேலண்ணத்துல ஒட்டிக்க."

"ஒட்டிக்கிட்டா எப்படிப் பேசறது?"

"பேசக் கூடாதுன்னுதாம்மா ஒட்டச் சொல்றது."

பக்கத்தில் நின்ற நாத்தனார், "அப்ப அண்ணிக்கு இந்த வைத்தியம் ஆவாது" என்றாள்.

அதையும் பொறுத்தேன். தொப்புளுக்குக் கீழே கை வை, மூக்கால் மெதுவாக இழு, வயிறு தானாக எழும்ப வேண்டும், விடும்போது தானாக அடங்க வேண்டும், தோள் ஏறக் கூடாது, முக்கக் கூடாது என்றான். இழுத்தேன். தோள்தான் ஏறியது. வயிறு அசையவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"நெஞ்சாலயே மூச்சு விடற, அதான் எரைக்குது. கவனமே இல்லம்மா ஒனக்கு."

கவனம் இல்லையாம். நட்ட வயலில் ஒரு குத்து நாற்று சாய்ந்திருந்தால் கரையிலிருந்தே கண்டுபிடிக்கிறவளுக்குக் கவனம் இல்லையாம். ரோஷத்தில் இழுத்து இழுத்துப் பார்த்தேன், தலை சுற்றியது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"பாத்தியா, கூடத்துலயே நிக்க முடியல. குத்தகைக்கு நான் ஆள் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாத்தனார் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவளாக என் வயிற்றில் கையை வைத்து, "இப்ப இழுங்க" என்றாள். இழுத்தேன். கை கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"நாடாவ இப்படிக் கட்டியிருந்தா வயிறு எங்க எழும்பும் அண்ணி?"

"எப்பவும் கட்டறதுதானே."

"எப்பவும் கட்டறதத்தான் சொல்றேன். நெல்லு மூட்டை வாயக் கட்டுன மாதிரி இருக்கு."

நடவுக்கு இறங்குகிறவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருக்கும், அவிழ்ந்தால் மானம் போய்விடும். அதனால் பாவாடை நாடாவை இறுக்கித்தான் கட்டுவோம். நாடா அறுத்த தடம் என் இடுப்பைச் சுற்றிக் கறுத்துக் கிடக்கிறது. இந்த ஊரில் என் வயசுப் பெண்கள் எல்லோருக்கும் கிடக்கிறது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், இடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தச் சீனப் பெரியவரும் நாடாவைப் பற்றிச் சொல்லித்தரவில்லை. தொளதொளக் கால்சட்டை போட்டுக்கொண்டு வயிற்றால் மூச்சு விடு என்று என் மகன் என்னை அதட்டினான்.

"என்ன மாதிரி நைட்டி போட்டுக்குங்க" என்றாள் நாத்தனார்.

"நைட்டியோட வரப்புல நடந்தா நாத்தே சிரிக்கும். நீ போட்டுக்க."

அவள் ஒரு பழைய வேட்டியை அகலமாகக் கிழித்து, நாடாவை உருவிவிட்டு அந்தத் துணியைக் கோத்துக் கொடுத்தாள். அகலமாக இருந்ததால் இறுக்காமலே நின்றது. விடிந்ததும் கால் அகட்டி நின்று கையை வைத்தேன். காய்ந்த வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்து ஏறுவதுபோல, அவசரமில்லாமல், வயிறு கைக்குக் கீழே எழும்பியது. அடங்கியது. தோள் அசையவில்லை. மகனுக்குச் சொல்லவில்லை. அவளையும் சொல்லவிடவில்லை. அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

குறுவைக்குத் தண்ணீர் வந்த அன்றைக்கு நானே அவனைக் கூப்பிட்டேன். "பாருடா" என்று போனை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். அவள் வீடியோ காட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். வழியில் ஓரிடத்தில் நின்றேன். வரப்பில் நண்டு வளை போட்டிருந்தது, அதைப் பார்க்கத்தான் நின்றேன். மற்றபடி உட்காரவில்லை. தலைமடையில் போய் நின்று போனை வாங்கினேன். வயிறு ஏறி இறங்கியது, இரைப்பு இல்லை.

"சரிம்மா. குத்தகைக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லு. ஒங்க பெரியவர்கிட்டயும் ஒண்ணு சொல்லு. பொம்பளைங்க வந்தா மொதல்ல நாடாவத் தளத்திக் கட்டச் சொல்லணும். அப்பறம்தான் மூச்சு."

"அதப் போயி அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"கவனமில்லன்னு என்கிட்டச் சொல்ல வாய் வந்துச்சுல்ல? அந்த வாயாலயே சொல்லு."

அவன் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினான். நான் மடையில் வைத்திருந்த மண்ணை மண்வெட்டியால் வெட்டி விட்டேன். தண்ணீர் வயலில் இறங்கியது. போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நான் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டேன்.