பரீட்சைக்கு வெளிக்கிட்ட கிணறு

இரண்டு வருடங்களுக்கு முன், புரட்டாதி மாதம் முடிகிற நேரம், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடந்தது இது. மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கிணற்று நீர் அந்த வருடத்திலேயே மிகவும் கீழே போயிருந்தது. என் தலைக்கனம் மட்டும் வழமையான மட்டத்தில் இருந்தது.

பல்கலைக்கழகத்து மண், நீர் ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு மாணவர்கள் ஸ்கூட்டியில் எங்கள் வீடிருக்கும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வந்தார்கள். ஓட்டி வந்தவள் உடுப்பிட்டிப் பிள்ளை. பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தவன் குருநகர்ப் பெடியன். பிள்ளையின் இறுதி வருட ஆராய்ச்சிக்கு ஒழுங்கையில் உள்ள எல்லாக் கிணற்று நீரும் வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கலாமா என்று கேட்டார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. அதைப் பற்றி நான் பேசாத கலியாண வீடு கிடையாது. ஒரு பல்கலைக்கழகமே வந்து அதை உறுதிப்படுத்தப் போகிறதென்றால் எனக்கென்ன மறுப்பு?

நான் பள்ளிக்கூட வாத்தியார். கல்விக் கந்தோரிலிருந்து பார்வையிட ஆள் வருகிறதென்றால் சுவருக்கு வெள்ளையடிப்போம், வாங்குகளை நிரையாக்குவோம், வாயாடிப் பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்புவோம். அதே நியாயத்தைக் கிணற்றுக்கும் பிரயோகித்தேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின் பிடித்துக் கிணற்றை ஒட்ட இறைத்தேன். உள்ளே ஆள் இறக்கிப் பாசி சுரண்டுவித்தேன். தண்ணீர் ஊறி வந்ததும் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன். பிறகு, குறையாக இருக்குமோ என்று இன்னும் கொஞ்சம் கொட்டினேன்.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாஸ்டர் வீட்டுக் கிணறு முதலாம் பிள்ளையாக வர அவர்கள் விடுவார்களா? திங்கட்கிழமை பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுதும் மெஷின் சத்தம், ஆஸ்பத்திரி வாசம்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை வாளியில் அள்ளிய தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“சேர், கிணறு இறைச்சனீங்களோ?”

“ஓம் பிள்ளை. நீங்கள் வாறியள் எண்டுதான்.”

“பிளீச்சிங்கும் போட்டனீங்களோ?”

“குறைவில்லாமல்.”

பெடியன் ஐஸ் பெட்டியின் மேல் இருந்துவிட்டான். “பாத்தியோ, ஒழுங்கை முழுக்க உதே கதைதான். சனம் கிணத்துக்குப் பவுடர் பூசிப் பொட்டும் வச்சு விட்டிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. பிளீச்சிங் கலந்த தண்ணீரில் தங்கள் சோதனை பிழைத்துவிடும் என்றாள். மழைக்கு முந்திய தண்ணீர்தான் ஆராய்ச்சிக்கு வேண்டும். மழை விழுந்தால் இனி அடுத்த வருடம்தான். நான் ஆறுதல் சொல்லப் புறப்பட்டேன்.

“தண்ணி நல்ல சுத்தம்தானே பிள்ளை, அதை எழுதுங்கோவன்.”

“சேர், நாங்கள் சுத்தம் பாக்க வரேல்லை. நீங்கள் நெடுகக் குடிக்கிற தண்ணி எப்பிடி இருக்குதெண்டு பாக்க வந்தனாங்கள்.”

அப்போதுதான் அவளுடைய கண் கிணற்றுக்கட்டில் காய்ந்துகொண்டிருந்த சூப்பிப் போத்தல்களில் விழுந்தது. யாருக்கு என்று கேட்டாள். என் பேத்திக்கு, பிறந்து ஒன்றரை மாதம் என்றேன். பிள்ளைப்பேற்றுக்கு மகள் எங்களிடம் வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் டாக்டர் சொல்லிப் பால்மாவும் கொடுத்துவந்தோம்.

“இந்தத் தண்ணியிலையோ கரைக்கிறனீங்கள்?”

“பச்சைத் தண்ணியிலை கரைப்பமோ? கொதிக்க வச்சு, கொதிக்க வச்சு, அரைவாசியா வத்தின பிறகுதான். அது முழுக்க என்ரை பொறுப்பு.”

இதைச் சொல்லும்போது நான் நெஞ்சை நிமிர்த்தியிருந்ததாக மனைவி பிறகு சொன்னாள்.

பிள்ளை தண்ணீர் எடுக்கக் கொண்டுவந்த போத்தலை மூடி வைத்தாள். “கொதிச்சால் கிருமி சாகும் சேர். நாங்கள் தேடுறது நைத்திரேற்று. அது சாகாது. தண்ணி வத்த வத்தக் கூடும்.”

நிதானமாக விளங்கப்படுத்தினாள். தோட்டத்துக்குப் போடும் யூரியா உரம் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, கரைந்து, எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது கூடிப்போனால் இரத்தம் ஒட்சிசனைக் காவ மாட்டாதாம். உதடு நீலம் பாரிக்குமாம். சொல்லிக்கொண்டே அவள் கிணற்றுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே என் வெங்காயத் தோட்டம் பச்சைப்பசேலென்று நின்றது. பிளீச்சிங் போட்ட அதே தாராளமான கைதான் அதற்கும் யூரியா போடுவது.

மகள் குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோருமாகக் குனிந்து உதட்டைப் பார்த்தோம். சிவப்பாகத்தான் இருந்தது. இத்தனை தலைகளை ஒரேயடியாகக் கண்ட எரிச்சலில் பேத்தி வீரிட்டு அழுதாள். அழுகை ஒன்று அவ்வளவு இனிமையாக என் காதில் விழுந்ததில்லை.

“நல்லாத்தான் இருக்கிறா அக்கா, பயப்பிடாதேங்கோ. ஆனால் இண்டையிலையிருந்து உந்தத் தண்ணி வேண்டாம். கடையிலை சீல் வச்ச போத்தல் வாங்குங்கோ. டொக்டரிட்டையும் ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ,” என்று பிள்ளை மகளிடம் சொன்னாள்.

“இவ்வளவு நாளும் என்னத்தைக் குடுத்தனாங்கள் எண்டு இப்பவே சோதிச்சுச் சொல்லு பிள்ளை,” என்றேன்.

“எதைச் சேர் சோதிக்கிறது?”

குழந்தை குடித்த தண்ணீரை நானே மெஷின் வைத்து ஒழுங்கையில் ஓடவிட்டிருந்தேன்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: “பிறிட்ஜுக்குள்ளை ரெண்டு போத்தல் இருக்கு. மெஷின் வர முதல் பிடிச்சு வச்சனான். இவர் கிணத்துக்குள்ளை என்னத்தைக் கொட்டப் போறாரோ எண்டு எனக்கு யோசினையாக் கிடந்தது.”

பிள்ளையின் முகம் மலர்ந்தது. “பிறிட்ஜுக்குள்ளையோ வச்சனீங்கள் அன்ரி? நாங்களும் உப்பிடித்தான் குளிருக்குள்ளை வைக்கிறது!”

“சேர் ஒருக்கா விலகி நில்லுங்கோ,” என்றான் பெடியன். “அன்ரியை எங்கடை லாப்பிலை சேர்க்கோணும்.”

அவள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முறைப்படி கழுவாத போத்தல், முறைப்படி எடுக்காத தண்ணீர். “ஆராய்ச்சிக்கு உது செல்லாது,” என்றாள். “குழந்தைக்குச் செல்லும்.” அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்த மற்ற ஊர்க் கிணறுகளை விட்டுவிட்டு, அந்த இரண்டு போத்தலையும் ஐஸ் பெட்டியில் வைத்து, வந்த வழியே ஆய்வுகூடத்துக்குத் திருப்பினாள் ஸ்கூட்டியை.

பின்னேரம் டாக்டர் குழந்தையைப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். வீடு திரும்பியபோது தொலைபேசி அடித்தது. “சேர், கூடத்தான் இருக்கு. பெரியாக்களைப் பற்றிப் பிறகு கதைப்பம். குழந்தைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.”

இனி அவளுடைய ஆராய்ச்சி. மறுநாள் வீடு வீடாகப் போய், பிளீச்சிங் தானாகப் போகுமட்டும் இனிக் கிணற்றைத் தொடாதேங்கோ என்று கெஞ்சினேன். “முதல் இறைச்சது ஆர் மாஸ்டர்? இப்ப வேண்டாம் எண்டு சொல்லுறதும் நீங்கள்தானோ?” என்று கேட்காத வீடு இல்லை. கேட்கட்டும். இரண்டு பிள்ளைகளும் இடைக்கிடை வந்து, பிளீச்சிங் போய்விட்டதா என்று கடதாசிப் பட்டியை நனைத்து நிறம் பார்ப்பார்கள். வானத்தில் முகில் கூடிக்கொண்டே வந்தது. தோட்டக்காரர் நிறைந்த ஒரு ஒழுங்கை, மழையே இன்னும் கொஞ்சம் பொறு என்று வேண்டிக்கொண்டதை அன்றுதான் கண்டேன். கடைசியில் ஒரு காலை பட்டி நிறம் மாறாமல் கிடந்தது. ஓடி ஓடி எல்லாக் கிணற்றிலும் எடுத்தார்கள். அன்று பின்னேரமே மழை கொட்டியது.

முடிவில் என் கிணறு வகுப்பில் கடைசிக்குக் கிட்ட வந்தது. ஒழுங்கை முடிவில், தோட்டமே இல்லாத பனங்காணி வளவொன்றில் இருந்த கிணறுதான் நன்றாக இருந்தது. பேத்திக்கான தண்ணீரை அங்கிருந்து நான் பிளாஸ்டிக் கானில் காவினேன். அந்த வீட்டுக்காரர் என் கிணற்றுப் பெருமையைப் பல வருடம் சகித்துக் கேட்டவர். “என்ன மாஸ்டர், இனிப்புக் காணுமோ?” என்று மட்டும் கேட்பார்.

அந்தப் பிள்ளை தன் ஆராய்ச்சியை முடித்தபின் வந்து, எவ்வளவு யூரியா போதும் என்று தோட்டக்காரரை இருத்திக் கதைத்தாள். குறைத்தோம். வெங்காயம் கோபித்துக்கொள்ளவில்லை. போன முறை எடுத்த தண்ணீரில் நைத்திரேற்று கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார்கள்.

கிணறு இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் பேத்தி கை நீட்டி “தண்ணி” என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், தன் ஒரு வருட உழைப்பு கைநழுவிக்கொண்டிருந்த நேரத்திலும் முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் சூப்பிப் போத்தலைக் கவனித்த அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் நான் ஊற்றிக் கொடுக்கிறேன்.