அக்கா தொடாத கருவாடு

அப்பா, அம்மா, நான், பெண் பார்க்க மான்குர்த்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, இவ்வளவு பேர் இருந்தோம். மாப்பிள்ளை வரவில்லை, அக்கா பரணைவிட்டு இறங்கவில்லை. இன்று முலுண்ட் ஸ்டேஷனில் ஒரு கூடை பொம்பில் மீன் கருவாடு என்னைக் கடந்து போனபோது, நாங்கள் அன்று குடியிருந்த, இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்தத் தாராவி அறையும், தகரக்கூரையின் வெக்கையும், மாப்பிள்ளையின் அம்மா தங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை மரியாதைக்காக அம்மா உடனே பொரித்த சத்தமும் நினைவில் வந்து நின்றன.

"ஏட்டி, எறங்கி வந்து ஒரு துண்டாவது தின்னு" என்றாள் அம்மா.

"வீச்சம் கொடலப் பொரட்டுது. நீயே தின்னு" என்றாள் அக்கா, மேலிருந்து.

"கருவாட்டுக் கடைக்காரன் வீட்டுக்கு மூக்கப் பொத்திக்கிட்டா வருவா?" என்று வந்தவர் எழுந்துவிட்டார்.

அப்பா ஏணியைப் பிடித்தபடி நின்றார், திட்டவில்லை. பூ, பழம், அவரை அழைத்துவந்த டாக்ஸி எல்லாம் சேர்த்து அப்பாவுக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய் ஆகியிருந்தது.