அப்பாவின் வேலையைச் சத்தமாகச் சொன்ன நாள்

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை என் அப்பா வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. இரவு ட்யூட்டிக்குப் போனவர். போன் ஸ்விட்ச் ஆஃப். அவருடைய குடோன் இருக்கும் தளேகாவ் பக்கம் ஹைவேயில் விடாத மழை. அம்மா கட்கி ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. அவர் அந்த ஹைவே குடோனுக்கு வேலைக்குப் போனதே என் ஜெபத்தால்தான்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கர்த்தர் செய்ததைச் சொல்லவேண்டும் என்றால் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நல்லதை மட்டும் சொன்னால் அது சாட்சி இல்லை, விளம்பரம். விளம்பரம் எனக்கு நன்றாகவே வரும். அதுதான் என் தொழில்.

சபையில் பலருக்குத் தெரியும், நானும் என்னோடு படிக்கும் சாயலியும் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் தேடிக் கொடுக்கிற வேலை. கொடுக்க டிரஸ்டுகள் இருக்கின்றன, கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் வாங்கவேண்டிய பிள்ளைக்கு அது தெரிவதில்லை. எங்கள் ஆப்பில் மார்க், ஊர், வீட்டு நிலைமை எல்லாம் போட்டால், எந்த ஸ்காலர்ஷிப் பொருந்தும், என்னென்ன கேட்பார்கள், கடைசித் தேதி என்ன என்று காட்டும். கம்ப்யூட்டர் வேலை சாயலியுடையது. பேச்சு என்னுடையது. சிஞ்ச்வட்டில் அவள் வீட்டு ஃபிளாட்டில் ஒரு ரூம்தான் எங்கள் ஆபீஸ்.

பெரும்பாலான டிரஸ்டுகள் உதவி கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளிடம் போனில் பேசுவார்கள். அதற்கு நான் பயிற்சி கொடுப்பேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" இந்தக் கேள்வி வந்ததும் குரல் இறங்கிவிடும். பிரைவேட் என்பார்கள். கம்பெனி என்பார்கள். தளேகாவ் பக்கத்திலிருந்து கோமல் என்று ஒரு பெண் பேசினாள். அவள் அப்பா குடோனில் வாட்ச்மேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் விடவில்லை. "உன் அப்பா திருடவா போகிறார்? சத்தமாகச் சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் அழுதுகொண்டே கத்தினாள். அவளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. எனக்குப் பேடா வாங்கி அனுப்பினாள். நானும் பெரிய ஆள் மாதிரி வாங்கித் தின்றேன்.

அப்போது என் அப்பா என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? வாட்ச்மேன் வேலைதான்.

அப்பா கசார்வாடியில் ஒரு ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டியவர். அதை மூடிவிட்டார்கள். அந்த வயதில் வேறு எங்கும் எடுக்கவில்லை. ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தார். அவர்கள் ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றிப் போட்டார்கள். கல்லூரியில் நான் 'அப்பா ஒர்க்ஷாப் சூப்பர்வைசர்' என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒருநாளும் சூப்பர்வைசராக இருந்ததில்லை.

ஒருநாள் சாயலியும் நானும் ஆட்டோவில் அவள் ஃபிளாட் இருக்கும் சொசைட்டி வாசலில் போய் இறங்கினோம். கேட்டில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். நீல யூனிஃபார்ம், தலைக்குப் பெரிதான தொப்பி. அன்றுதான் அவரை அங்கே மாற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் என் முகம் எப்படி இருந்ததோ, அதைப் பார்த்த உடனே அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டார். இந்தியில் கேட்டார்.

"கிஸ்ஸே மில்னா ஹை, மேடம்?"

யாரைப் பார்க்கவேண்டும் என்று என் அப்பா என்னிடம் கேட்கிறார். சாயலி "என்கூடத்தான் வந்திருக்கா, அங்கிள்" என்றாள். அவர் கேட்டைத் திறந்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து ஏதாவது கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். சோறு சாப்பிட்டுவிட்டு, "சாயலி நல்ல பிள்ளையா இருக்கா" என்றார். அதோடு சரி. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இது நடந்தது. நான் போனால் கேட்டைத் திறந்து சல்யூட் வைப்பார். ஒருநாள் கொட்டும் மழையில் ஆட்டோவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எங்களுக்குக் குடை பிடித்து வந்தார். அவர் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. சாயலி தேங்க்யூ சொன்னாள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் ஆன்ட்டி வீட்டு ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பங்களை ஒவ்வொருவராகச் சொல்வோம் இல்லையா? வெளியே சொல்ல முடியாதவர்கள் 'சொல்லாத விண்ணப்பம்' என்று மட்டும் சொன்னால் போதும், எல்லாரும் ஜெபிப்பார்கள். வாராவாரம் நான் அதைத்தான் சொன்னேன். ஆன்ட்டிமார் எல்லாரும் இது காதல் விவகாரம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "பையன் நம்ம ஆளா, இந்த ஊர்க்காரனா? அதை மட்டும் சொல்லிரு, அதுக்குத் தக்கன ஜெபம் பண்ணுதோம்" என்று எஸ்தர் ஆன்ட்டி என் காதுக்குள் கேட்டார். நானும் சிரித்து மழுப்பினேன்.

என் விண்ணப்பம் என்ன தெரியுமா? 'ஆண்டவரே, என் அப்பாவை அந்த கேட்டிலிருந்து எடுத்துவிடும்.'

ஒரு சனிக்கிழமை அப்பாவும் கூட்டத்துக்கு வந்தார். என் விண்ணப்பத்துக்காக அவரே சத்தமாக ஜெபித்தார். "கர்த்தாவே, என் பிள்ள மனசுல என்ன இருக்கோ, அதை அப்படியே நிறைவேத்தித் தாரும்." நான் ஆமென் சொன்னேன். எனக்கு நாக்கு எப்படிப் புரண்டது என்று இன்றுவரை தெரியவில்லை.

கொஞ்ச நாளில், வேலைக்குக் கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"பிள்ள, ஆண்டவர் உன் விண்ணப்பத்தைக் கேட்டுட்டாரு. திங்கக்கிழமையில இருந்து எனக்குத் தளேகாவ் குடோன். நானே ஏஜென்சியில கேட்டு வாங்கிட்டேன்."

"எந்த விண்ணப்பம்ப்பா?"

"நீ சொல்லாததுதான்" என்று சிரித்தார். அதில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அங்கேயே நான் அவர் காலில் விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே போய் ஸ்தோத்திரம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் காரியங்கள் நிறைய உண்டு. அந்த ஸ்தோத்திரம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

குடோனில் ராத்திரி வேலை மட்டும்தான். லோக்கல் ரயிலில் தளேகாவ் போய், ஸ்டேஷனிலிருந்து ஹைவேயில் சைக்கிள் மிதிக்கவேண்டும். மழைக்காலத்தில் இருமிக்கொண்டே போய்வந்தார். அப்படிப் போனவர்தான் அந்த வியாழக்கிழமை வரவில்லை.

ஏஜென்சிக்குப் போன் பண்ணினேன். ட்யூட்டி முடிந்து போய்விட்டார் என்று வைத்துவிட்டார்கள். எங்கள் மாணவர்கள் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றியது. டைப் பண்ணினேன். 'என் அப்பாவைக் காணவில்லை. ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் பணிபுரிகிறார்.' பாருங்கள், அப்பாவைக் காணோம் என்கிற நேரத்தில்கூட என் புத்தி எங்கே போகிறது! அழித்தேன். தேடுகிறவர்களுக்கு யூனிஃபார்ம் போட்ட போட்டோ வேண்டும். என் போனில் அப்படி ஒன்றுகூட இல்லை. சாயலியிடம் இருந்தது. சொசைட்டிக் கொடியேற்றத்தன்று எடுத்தது.

அவளிடம் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் எனக்கு ஜெபம் வந்தது. 'ஆண்டவரே, எந்த கேட்டில் வேண்டுமானாலும் அவரை நிறுத்தும். உயிரோடு நிறுத்தும்.' அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

சாயலிக்குப் போன் போட்டேன். "உங்க கேட்ல இருந்தாரே சாமுவேல் அங்கிள், அவர் என் அப்பா" என்றேன். அவள், "போட்டோ அனுப்புறேன். நீ எங்கே இருக்கே? நான் வர்றேன்" என்றாள்.

குரூப்பில் போட்டேன். 'இவர் என் அப்பா சாமுவேல். செக்யூரிட்டி கார்டு. தளேகாவ் ஹைவே குடோனில் ராத்திரி வேலை. யாராவது பார்த்தீர்களா?' என்னை 'மேடம்' என்று கூப்பிடுகிற அத்தனை பிள்ளைகளும் அதைப் படித்தார்கள்.

சாயலி எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே கோமலின் போன் வந்தது. மூச்சு வாங்கினாள். அவள் அப்பா விடியற்காலை வேலை முடிந்து வரும்போது, பிக்கப் வண்டி இடித்து ஒரு வாட்ச்மேன் சேற்றில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். வண்டி நிற்காமல் போய்விட்டது. பக்கத்து டீக்கடைக்காரரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போய், ஹைவே ஓரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கண் விழிக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நினைவில்லாத ஆளின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. போன் நசுங்கிப் போயிருந்தது. கோமல் போட்டோவை அவருக்கு அனுப்ப, இவர்தான் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவும் நானும் சாயலியும் போய்ச் சேர்ந்தபோது அப்பா கண் விழித்திருந்தார். கால் முறிந்திருந்தது. தலையில் தையல். இன்னும் கொஞ்ச நேரம் மழையில் கிடந்திருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் "நீங்க யாரு?" என்று கேட்டார். வார்டுக்கே கேட்கும்படி "இவருடைய மகள்" என்று சொன்னேன். சாயலி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு விம்மினாள். "உங்களைப் போய்ப் பார்சலை மேலே கொண்டு வரச் சொன்னேனே அங்கிள்" என்றாள். அவள் ஏன் அழவேண்டும்? அழவேண்டியவள் நான்.

நான் வாய் திறப்பதற்கு முன்பே கர்த்தர் அப்பாவைத் தூக்க ஆளை அனுப்பிவிட்டார். ஆனால் நான் வாய் திறந்த பிறகுதான் அவர் இருக்கும் இடத்தை எனக்குக் காட்டினார். இதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் என் விண்ணப்பத்தைச் சத்தமாகச் சொன்னேன். அப்பா கால் குணமாகி, சாயலி சொசைட்டியில் பகல் வேலைக்குத் திரும்பவேண்டும் என்று. அவள் வீட்டார் பேசியிருக்கிறார்கள், இடம் வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் காதல் இல்லையா என்று ஆன்ட்டிமாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் என் அப்பாவின் வேலையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் அவர்களுடையதைக் கேட்கிறேன்.

உங்களிலும் யாருக்காவது சொல்ல வெட்கப்படுகிற காரியம் இருக்கலாம். தேவனிடம் அதை மூடிக்கொண்டு போகாதீர்கள். அழுக்காகவே கொண்டு போங்கள். என்னையே அவர் தள்ளவில்லை, உங்களைத் தள்ளுவாரா?

கடைசியாக ஒன்று. இந்த ஊரில் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத வராது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் சொல்லச் சொல்ல, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அப்பாதான் இதையெல்லாம் எழுதினார். எழுதி முடித்ததும் வாங்கி மெல்லப் படித்துப் பார்த்தேன். நான் கேட்டைத் தாண்டிப் போனதைச் சொன்ன இடத்தில், நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. 'அன்று அவசரத்தில் என் மகள் என்னைக் கவனிக்கவில்லை.'

"என்னப்பா இது?" என்றேன்.

"சபையார் உன்னைத் தப்பா நினைக்கக் கூடாதுல்லா பிள்ள" என்றார்.

பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அந்த வரியை நானே அடித்தேன்.