மோசம் போன பதினேழு பேர்

சீவரத்தினத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த மறுமாதமே கிள்ளானில் அரசாங்க வாய்க்கால் வேலையில் கிராணி உத்தியோகம், அதாவது எழுத்தர் வேலை, கிடைத்தது அதனால்தான். அந்தக் கையால்தான் 1911ஆம் ஆண்டு பதினேழு பொய் எழுதினார்.

காய்ச்சலில் பதினேழு கூலிகள் செத்துப்போனார்கள். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து வாங்காமல் விட்டது வெளியே தெரிந்தால், வேலையை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பதவி போய்விடும். துரை கூலிப் பதிவேட்டில் செத்தவர் பெயருக்கு நேரே ‘ஓடிப்போனார்’ என்று எழுதச் சொன்னார். கூட இருந்தவர்களை வேறு வேறு ஊர் வேலைக்குப் பிரித்து அனுப்பினார். ஊரில் தன் சம்பளத்தை நம்பி மூன்று தங்கைகளை வைத்திருந்த சீவரத்தினமும் சொன்னபடியே எழுதினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பூச்சோங் தோட்டத்திலிருந்து, செத்தவர்களில் ஒருவனின் மனைவி வீரம்மா நடந்து வந்தாள்.

“எம்புருசன் ஓடுற ஆளு இல்லீங்க, கிராணி ஐயா. எவ கூடயோ போயிட்டான்னு தோட்டமே சிரிக்குது. நெசத்தச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது, நீ போ” என்றார், மேசையைப் பார்த்தபடி. மூன்றாவது தடவை வந்தபோது அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெயர் போடாமல் பிரிக்பீல்ட்ஸ் தமிழ் வாரப் பத்திரிகைக்கு எழுதிவிட்டார்: ‘வாய்க்கால் வேலையில் பதினேழு பேர் மோசம் போனார்கள். அரசாங்கம் மறைக்கிறது.’

யாழ்ப்பாணத்தில் மோசம் போவதென்றால் சாவது. பத்திரிகை ஆசிரியர் சபாபதி தஞ்சாவூர்க்காரர். அவர் ஊரில் ஏமாறுவது. அடுத்த வாரம் கொட்டை எழுத்தில் வந்தது, ‘பதினேழு கூலிகளுக்குச் சம்பள மோசடி!’

துரைக்கு ஒரே கொண்டாட்டம். சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தாயிற்று, இது ஓடிப்போன பதினேழு பேர் கிளப்பிய புரளி என்று மறுப்பு அனுப்பினார். செத்தவன் தலையிலேயே பழி! அந்த மறுப்பை முத்து முத்தாக நகலெடுத்ததும் சீவரத்தினமேதான். மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறினார்.

“மோசம் போறதெண்டால் செத்துப்போறது, ஐயா!” என்றார் சபாபதியிடம். “அந்தக் கடிதம் நான்தான் எழுதினனான்.”

சபாபதி தலையில் கை வைத்துக்கொண்டார். “மொட்டைக் கடுதாசிய நம்பி ஒரு தடவ மூக்கறுபட்டாச்சுங்க. இந்தத் தடவ உங்க பேரு வேணும். இல்லேன்னா மன்னிப்புதான் போடணும்.”

சீவரத்தினம் தங்கைகளை நினைத்தார். ஆனாலும் பேனாவை வாங்கிப் பதினேழு பெயரையும், செத்த தேதியையும், அடியில் தன் பெயரையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. துரைமீது விசாரணை என்றார்கள். சனிக்கிழமை சீவரத்தினத்தின் வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவரே பூச்சோங்குக்கு நடந்தார்.

“உன்ர புருசன் ஓடேல்லை, பிள்ளை. காய்ச்சலிலை செத்தவர். நான்தான் மாத்தி எழுதினனான்.”

தாலியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த வீரம்மா அழவில்லை. பிடித்திருந்த தாலியை விட்டாள்.

“அப்ப மூணு வாட்டி வந்து கேட்டனே, ஐயா?”