சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க சிவாஜிநகர் போயிருந்தேன். பழைய சாமான் கடையில் ரிமோட்டுகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு வீடியோ கேம் கேசட் கிடந்தது. கை தானாக எடுத்தது, வாய் தானாக ஊதியது. ஊதாவிட்டால் டி.வி.யில் ஆட்டம் வராது என்பது எங்கள் ஜீவனஹள்ளிப் பிள்ளைகளின் விஞ்ஞானம். இத்தனை வருடத் தூசியும் கடைக்காரர் முகத்தில்.

“என்னா சார், பர்த்டே கேக்கா அது?”

அசடு வழிந்துவிட்டு, வாஷரை மறந்து, வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் அந்தப் பழைய பிளாஸ்டிக் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. அது என்னை நேராக அல்சூருக்கு, என் முதல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது.

கீழே பிரியாணிக் கடை, மேலே எங்கள் ஆபீஸ். கேசட் காலத்து ஆட்டம் ஒன்றைப் பட்டன் ஃபோனில் ஓட வைக்கக் கம்பெனி உரிமை வாங்கியிருந்தது. உரிமை கொடுத்தவர்களோ மூலப் படங்களைத் தொலைத்திருந்தார்கள். ஆகவே ஆட்டத்துக்குள்ளிருந்தே அவற்றை உருவ வேண்டும். கம்ப்யூட்டரில் ஆட்டத்தை ஓடவிட்டு, ஒரு திரை தூரம் நடந்து, நிறுத்திப் படம் பிடித்து, மறுபடி நடந்து, கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டினால் ஒரு லெவலின் முழுப் பின்னணி கிடைக்கும். நடமாடும் உருவங்களை நாங்கள் பொம்மை என்போம். அவற்றைத் தனியே கத்தரிப்போம். “கம்ப்யூட்டர்ல ஏதோ வெட்டி ஒட்டறான்” என்று அப்பா ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். தப்பில்லை.

வேலை தற்காலிகம்தான். டெமோ நன்றாகப் போனால் நிரந்தரம். இல்லாவிட்டால் பெரியப்பாவின் துணிக்கடையில் லுங்கி மடிக்க வேண்டும். பெரியப்பா ஏற்கெனவே எனக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா அக்கா. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஆட்டமும் சுரங்கம்தான். ஹெல்மெட் போட்ட குண்டு நாயகன் குதித்துக் குதித்து வைரம் பொறுக்குவான்.

“எங்கப்பா மட்டும் உள்ளார இப்படி குதிச்சிருந்தா மண்ட ஒடஞ்சிருக்கும்டா” என்பார் அக்கா.

டெமோ நாள். உரிமைக்காரர்களின் சென்னை ஆள் வந்து முதலாளியோடு உட்கார்ந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்த அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“டேய், இவன் ஏன்டா இங்க நிக்கிறான்?”

பின்னணியைப் படம் பிடிக்கும்போது ஒரு விசையைத் தட்டிப் பொம்மைகளை மறைக்க வேண்டும். மறந்திருக்கிறேன். ஒட்டு தெரியக் கூடாதே என்று ஒட்டையே உற்றுப் பார்த்தவன் கண்ணில் ஆள் படவில்லை. சுரங்கம் நெடுக, திரைக்கு ஒருவனாக, நாயகன் விறைத்து நின்றுகொண்டிருந்தான்.

அப்போது என் மூளை எனக்குக் கொடுத்த ஒரே யோசனை: ஃபியூஸைப் பிடுங்கு. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர்கள் யூ.பி.எஸ்.ஸில் இருந்தன. விளக்கும் மின்விசிறியும் மட்டும் நின்றன. வேடிக்கை பார்க்க வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் வியர்த்தபடி திரையை இன்னும் கூர்ந்து பார்த்தார்கள். ஃபியூஸ் என் பாக்கெட்டில் இருந்தது.

சென்னைக்காரர் நாயகனை நடத்திக்கொண்டு போனார். எதிரே இன்னொரு நாயகன்.

“இது யாரு?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தேன்.

“ஷிஃப்ட் மாறுது சார்” என்றார் அக்கா, அலட்டிக்கொள்ளாமல். “வேல முடிஞ்சவங்க கேஜுக்கு நிக்கிறாங்க. மேல ஏத்தற லிஃப்டு. மைன்ல அப்படித்தான்.”

“ஒருத்தன்கூட அசையலியே?”

“டயர்டு சார்.”

சென்னைக்காரர் சிரித்த சிரிப்பில் பிரியாணிக் கடைக்காரரே மேலே எட்டிப் பார்த்திருப்பார். “நல்லாருக்கே! கையாவது ஆட்டச் சொல்லுங்கப்பா.”

வேலை நிரந்தரமானது. அன்றிலிருந்து நான் உட்கார்ந்து ஒவ்வொருவனுக்கும் கை வரைந்தேன். லுங்கி மடிப்பதே சுலபமாக இருந்திருக்கும் என்று நடுவில் தோன்றாமல் இல்லை.

ஆட்டம் வெளிவந்ததும் அக்கா தன் ஃபோனில் அப்பாவுக்குக் காட்டினார். சுரங்கம் மூடியபின் வீட்டோடு இருந்த மனிதர் ஒரு வைரமும் பொறுக்கவில்லையாம். ஒவ்வொருவனிடமும் போய் நின்று, பதிலுக்குத் தானும் கையை ஆட்டிவிட்டு, அடுத்தவனிடம் போவாராம். அதற்குள் நேரம் தீர்ந்து நாயகன் செத்துப்போவான். மறுபடி முதலிலிருந்து.

இப்போது அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் ஜிம். பட்டன் ஃபோன் போயிற்று, ஆட்டத்தை இறக்கிக்கொள்ளும் தளமும் போயிற்று. கேசட் ஆட்டத்தின் படங்களை இணையத்தில் யாரோ சுத்தமாக உருவிப் போட்டிருக்கிறார்கள், ஓர் ஆள்கூட நிற்காத சுரங்கமாக. எங்கள் ஆட்டத்தை உருவி வைக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலமே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

“அந்தப் பழைய ஃபோன் இருக்காக்கா?”

“பேட்டரி உப்பிப்போய்த் தூக்கிப் போட்டாச்சுடா. ஏன்?”

எங்கள் ஆட்டம் இப்போது எங்கேயும் இல்லை என்று சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார்.

“பாவம்டா, எல்லாரும் கைய ஆட்டிக்கினே நிக்கிறாங்க. கேஜ அனுப்பவே மறந்துட்டோம் பாரு.”