பிள்ளையார் படத்துக்குப் பின்னால்

எனக்கு வாகனங்களைப் பற்றித் தெரியாது. ஆனால் ஒரு பொருளை வாங்குமுன் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து பழகியவள். அதனால்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை. அன்று எல்லாவற்றையும் பார்த்தேன், ஒரேயொரு இடத்தைத் தவிர.

நானும் கணவரும் ஒரே வசந்தத்தில் ஓய்வு பெற்றோம். ஜூலையில், கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு மோட்டர்ஹோம் வண்டியில் கனடாவின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும், நோவா ஸ்கோஷியாவில் கடலோரம் நிறுத்த வேண்டும், காலையில் கதவைத் திறந்தால் அலை தெரிய வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. பிள்ளைகளை வளர்த்த காலத்தில் நயாகராவைத் தாண்டி நாங்கள் போனதில்லை.

அஜக்ஸ் நகரில் ஒருவர் தன்னுடைய மோட்டர்ஹோமை விற்கிறார் என்று கோயிலில் கேள்விப்பட்டுப் போனோம். எழுபதைத் தாண்டியவர், கோயிலில் எல்லோருக்கும் அவர் அண்ணை. முழங்கால் ஏலாததால் விற்கிறேன் என்றார். அவருடைய மனைவி வாகனத்தைத் துடைத்து, உள்ளே சாம்பிராணி போட்டு வைத்திருந்தார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பெரிய பிள்ளையார் படம், புதுப் பூமாலையோடு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினோம்.

அடுப்பை மூட்டினேன். குழாயைத் திறந்தேன். அலுமாரிகளுக்குள் டோர்ச் அடித்தேன். சுவர்களை விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். படத்தடிக்கு வந்ததும் தட்டிய கை தானாகக் கும்பிட்டது. ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இப்படியான வாகனங்கள் பார்க்கும் மெக்கானிக் இருக்கிறார், ஒருமுறை காட்டுவோம் என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

“சும்மா இரும்,” என்றார். “சாமிப் படம் வைச்சுத் தாற மனுசனைச் சந்தேகப்படுறதே?”

அன்றே வாங்கினோம். கண்ணூறு படாமல் தேசிக்காயைச் சில்லுக்குக் கீழே வைத்து நசித்து, மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சாம்பிராணி வாசம் போனபின் வேறொரு மணம் வந்தது. ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்து மறந்த மணம். மழை பெய்த மறுநாள் மெத்தையின் தலைப்பக்கம் நனைந்திருந்தது. படத்தைக் கழற்றப் போனேன். வெள்ளிக்கிழமை தொடக்கூடாது என்று கணவர் மறித்தார். சனிக்கிழமை கழற்றினேன். அது ஆணியில் தொங்கவில்லை. நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பின்னால் பலகை கறுத்து, பெருவிரலை வைத்தால் உள்ளே போனது.

மெக்கானிக் வந்து பார்த்தார். கூரையால் தண்ணீர் இறங்கத் தொடங்கி வருடக்கணக்காகிறது, சுவரை வெட்டியெடுக்க வேண்டும், ஜூலையை மறந்துவிடுங்கள் என்றார்.

படத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு அஜக்ஸுக்குப் போனோம். அண்ணை தேத்தண்ணி போடச் சொன்னார். வேண்டாமென்று சொல்லிவிட்டு விசயத்தைச் சொன்னேன்.

“பழைய வாகனமெண்டா உதெல்லாம் இருக்கும்தானே, பிள்ளை,” என்றார். “நான் பிள்ளையாரை வைச்செல்லோ தந்தனான். பொய் சொல்லுவனே?”

“நீங்கள் சொல்லேல்லை, அண்ணை. பிள்ளையாரைக் கொண்டு சொல்ல வைச்சனீங்கள்.”

துவாயை விரித்து, படத்தைக் குப்புற மேசையில் வைத்தேன். பின்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். அவருடைய மனைவி அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அண்ணை அதற்குப் பிறகும், கோயிலில் வைத்துக் கதைப்போம் என்றார். நான் எழுந்து வெளியே வந்து காரில் இருந்தேன். கணவர் வரச் சற்று நேரமானது.

401 நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான் பின்சீற்றில் அதே துவாயைப் பார்த்தேன். உள்ளே அதே படம்.

“ஏன் எடுத்தனீங்கள்?”

“பிள்ளையார் என்னப்பா செய்தவர்? அவரையும் அந்தாள் ஏமாத்தினதுதானே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஜூலை முழுவதும் வாகனம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பக்கச் சுவரில்லாமல், தறப்பாள் மூடி நின்றது. காலையில் அதன் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி தெரிந்தது. கோயிலிலோ என் பெயர் வேறு விதமாக அடிபட்டது: பிள்ளையாரைத் துவாயில் சுற்றித் திருப்பிக் கொடுக்கப் போனவளாம். அந்தக் கதையை நம்பியவர்களில் ஒருவர்கூட வந்து எங்கள் சுவரைப் பார்க்கவில்லை.

புதுச் சுவர் முடிந்தபோது இலை உதிரத் தொடங்கிவிட்டது. கணவர் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, சுவருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேசையிலை சாய்ச்சு வையுங்கோ,” என்றேன். “சுவரிலை ஒண்டும் ஒட்டப்படாது.”

வைத்தார். சுவர் வெறுமையாகவே இருக்கிறது. மழை பெய்தால் நான் போய்த் தட்டிப் பார்க்கிறேன்.